திருமங்கலம் தாண்டி ஒரு தீவன அரவை மில்: குட்டி எடுக்கும் பன்றிப் பண்ணைக்காரர்களுக்காக ஒரு மதிப்புரை

திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி போகும் சாலையில், ஒரு எடைமேடைக்கு எதிரே, தகரக் கொட்டகையில் இந்த மில் ஓடுகிறது. பெயர்ப்பலகை இல்லை. நாம் கொண்டுபோகும் மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் சொன்ன கணக்கில் அரைத்துக் கலந்து மூட்டை கட்டித் தருவார்கள். வெறுங்கையோடு போனாலும் அவர்களிடமே சரக்கு உண்டு. மாடு வைத்திருப்பவர்களையும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களையும் கேட்டால் இந்த மில்லைப் பற்றி நல்லதாகச் சொல்ல மாட்டார்கள். "லேட் பண்ணுறாங்க, கறாரா பேசுறாங்க, கொண்டுபோன சோளத்தையே திருப்பி விடுறாங்க" என்பார்கள். மூன்றுமே உண்மைதான். அந்த மூன்றாவதுக்காகத்தான் நான் அங்கே போகிறேன்.

எங்களுடையது கள்ளிக்குடி பக்கம் வெண்பன்றிப் பண்ணை. கறிக்கு வளர்ப்பதில்லை. தாய்ப்பன்றிகளை வைத்துக் குட்டி எடுத்து, பால் மறந்ததும் வளர்ப்பவர்களுக்கு விற்கிறோம். பெட்டை பருவத்துக்கு வர வேண்டும், கடா சேர்த்தால் சினை நிற்க வேண்டும், 114 நாள் முடிந்ததும் கை நிறையக் குட்டி போட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த ஈத்துக்கு வருமானம் இல்லை, தீவனச் செலவு மட்டும் இருக்கும். ஓட்டல் மிச்சத்தைப் போட்டுக் கறிக்கு வளர்ப்பவர்களுக்கு எந்த மில்லும் ஒன்றுதான். அவர்கள் இதைப் படிக்காமல் நகர்ந்துவிடலாம்.

இந்த மில்லுக்கு வருவதற்கு முன்பு வேறொருவரிடம் கலப்புத் தீவனம் வாங்கிக்கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். தை மாதம் புதுச்சோளம் வந்த சமயத்தில், மூன்று மாத வயதுகூட முடியாத பெட்டைகளுக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியது. காம்புகளும் அந்த வயதுக்கு மீறித் தடித்துத் தெரிந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "சீக்கிரம் பருவத்துக்கு வருதுக்கா, நல்லதுதானே" என்றார். பருவம் என்றால் கடாவின் வாடைக்கு அசையாமல் நிற்கும், இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியும். இதுகள் கடாவைக் கண்டால் ஓடின, வீக்கமும் வடியவில்லை. அதில் ஒரு பெட்டைக்கு முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளிவிட்டது.

டாக்டர் வந்து உடம்புச் சூடு பார்த்தார். காய்ச்சல் இல்லை. தீனியும் வழக்கம்போல எடுத்துக்கொண்டிருந்தன. தீவன மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "மக்காச்சோளம் எங்க வாங்குறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். அவர் சொல்லித்தான் ஜியராலினோன் என்ற பெயரே எனக்குத் தெரியும். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் மக்காச்சோளக் கதிரிலேயே இந்த நச்சை உண்டாக்கிவிடும். பன்றியின் உடம்புக்குள் இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்ளும். பண்ணை விலங்குகளில் பன்றிக்குத்தான் இது அதிகம் உறைக்கும். காரணம், உள்ளே போன நச்சில் பெரும்பகுதியைப் பன்றியின் உடம்பு ஆல்ஃபா ஜியராலினோல் என்ற இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றிவிடுகிறது. கோழி இதே தீவனத்தைத் தின்றுவிட்டுப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் திரியும். அதனால்தான் கோழிக்காரர்களுக்கு இந்த மில்லின் கறார் புரிவதில்லை.

குட்டிப் பெட்டைகளுக்கு வந்தது கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. தீவனத்தை மாற்றிய பிறகு சில வாரங்களில் வடிந்துவிட்டது. பெரிய நஷ்டம் தாய்ப்பன்றிகளில்தான், அது வெளியே தெரியவே இல்லை. கடா சேர்த்தோம். 21-ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வரவில்லை. சினை நின்றுவிட்டது என்று தனிக் கொட்டடியில் விட்டு, சினைத் தீவனம் போட்டு வளர்த்தோம். நாள் நெருங்கியும் மடி இறங்கவில்லை. 114 நாளும் முடிந்தது. ஒரு குட்டிகூட இல்லை. பொய்ச்சினை.

இது எப்படி என்று டாக்டர் விளக்கியதை இங்கே எழுதுவது அவசியம், ஏனென்றால் பலர் கடாவைக் குறை சொல்லிவிட்டு அதை விற்றுவிடுகிறார்கள். சினை முட்டை வெளியான இடத்தில், சினைப்பையில் மஞ்சள் கட்டி ஒன்று உருவாகும். சினை இல்லை என்றால் அது தானே கரைந்து, 21 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும். சினை இருந்தால், 11, 12-ஆம் நாள் வாக்கில் கருக்களே ஈஸ்ட்ரோஜன் சுரந்து 'நாங்கள் இருக்கிறோம்' என்று தாயின் உடம்புக்குத் தெரிவிக்கும். மஞ்சள் கட்டி கரையாமல் நின்றுவிடும். தீவனத்தில் ஜியராலினோன் இருந்தால், கருவே இல்லாதபோதும் அதே செய்தி போய்விடுகிறது. கட்டி கரைவதில்லை, பருவமும் வருவதில்லை. கடா சேர்த்த முதல் இரண்டு வாரத்துக்குள் இந்த நச்சு அதிகமாகப் போனால், உண்மையாகவே பிடித்த கரு கருப்பையில் ஒட்டாமல் அழிந்து போவதும் உண்டு. ஆக, சினை இருப்பதைக் கலைக்கவும் செய்யும், இல்லாததை இருப்பதாகக் காட்டவும் செய்யும். பாலூட்டும் தாய் தின்றால் பால் வழியாகப் பிறந்த பெட்டைக் குட்டிகளுக்கும் வீக்கம் வரும். இளம் கடாக்களுக்கு விரை வளர்ச்சியும் ஆசையும் குறையும்.

எல்லாவற்றையும் தீவனத்தின் தலையில் கட்டக் கூடாது என்றும் டாக்டர் கண்டித்துச் சொன்னார். பார்வோ வைரஸ், லெப்டோஸ்பைரா, புரூசெல்லா எல்லாமே சினையைக் கெடுக்கும். கருகிச் சுருங்கிய குட்டிகள் வெளியே விழுந்தால் முதலில் பார்வோவைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் பன்றிகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தீவனத்துக்கு வந்தார். கட்டி கரையாத தாய்களுக்கு ஊசி போட்டார்.

பழைய கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "பன்னி திங்குதா இல்லையா?" தின்கிறது என்றேன். "அப்புறம் என்னக்கா?" என்றார். இந்த நச்சின் கொடுமையே அதுதான். ஃபியூசேரியத்திலேயே வாமிடாக்சின் என்று இன்னொரு நச்சு உண்டு, அது இருந்தால் பன்றி மோந்து பார்த்துவிட்டுத் தொட்டியை விட்டு விலகிவிடும், தின்றால் வாந்தியும் எடுக்கும். ஜியராலினோனுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. வயிறு நிறையத் தின்னும், உடம்பும் பிடிக்கும், குட்டி மட்டும் வராது. வேகவைத்தால் போய்விடும் என்று சிலர் கஞ்சி காய்ச்சிப் போடுகிறார்கள். அடுப்புச் சூட்டுக்கெல்லாம் இது அசையாது. வெயிலில் காயப் போட்டால் பூஞ்சை மேலும் வளராது, ஆனால் அது ஏற்கனவே போட்டுவிட்ட நச்சு அப்படியே இருக்கும்.

சரி, மில்லுக்கு வருவோம்.

இங்கே மூட்டையை இறக்கியதும் அரவைக்குப் போகாது. வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கையில் குத்தூசி. ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று குத்தி எடுத்துத் தாம்பாளத்தில் கொட்டுவார். பிறகு ஈரப்பத மீட்டரில் வைப்பார். 14 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எவ்வளவு சண்டை போட்டாலும் அரைக்க மாட்டார்கள். பக்கத்தில் சிமெண்டுக் களம் இருக்கிறது, காயப்போட்டு மறுநாள் வா என்பார்கள். அரைத்த மாவில் ஈரம் இருந்தால் முழு மணியைவிடச் சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்பதால் இந்தக் கறார் நியாயமானது.

மீட்டர் பாதி வேலைதான் செய்கிறது. மீதி அந்தப் பெரியவரின் கண். மணியின் முனையில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் தனியே ஒதுக்குவார். வெள்ளை மாவு பூத்ததும், பச்சை மஞ்சள் தூள் படிந்ததும் வேறு வேறு ரகம். படைப்புழு துளைத்த மணிகளைக் கண்டால் முகம் மாறிவிடும். 2018-இல் படைப்புழு நம் ஊருக்குள் வந்த பிறகு கதிரில் ஓட்டை விழாத சோளம் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது, அந்த ஓட்டை வழியாகத்தான் பூஞ்சை உள்ளே இறங்குகிறது என்பார். போன பட்டத்தில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து மலிவாகக் கிடைத்த ஒரு லோடை ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இத மாட்டுக்காரனுக்குக் குடுத்துட்டு வேற பாரு. சினைப் பன்னிக்கு இது ஆகாது" என்றார். கோபம் வந்தது, வண்டி வாடகை கொடுத்திருந்தேனே. ஆனாலும் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். (மாட்டுக்கும் கெட்டுப்போன சோளம் நல்லதில்லை. அஃப்ளாடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சு பாலில் இறங்கும். அதைப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்டதாகத் தெரியவில்லை.)

அடுத்தது சல்லடை. அரைக்கும் முன் சோளத்தைச் சலித்து உடைசல், தூசி, கதிர்ச் சொங்கு எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். நச்சு அதிகம் இருப்பது உடைந்த மணியிலும் தூசியிலும்தான், அதனால் சலிப்பதே பாதி வைத்தியம். மற்ற மில்களில் உடைசலும் எடைதானே என்று அதையும் சேர்த்து அரைத்துவிடுவார்கள். இங்கே தனிச் சாக்கில் போட்டு நம்மிடமே கொடுத்துவிடுகிறார்கள். எடை குறையும், அதற்கு முகம் சுளிக்காதீர்கள். அந்தச் சாக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கோழிக்குப் போடுவதும் வேண்டாம், குப்பைக் குழிக்குப் போகட்டும்.

இனி குறைகள். முதல் குறை, கல்லாவில் விற்கும் டாக்சின் பைண்டர் பாக்கெட், அதாவது நச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று தீவனத்தில் கலக்கும் தூள். பெரியவர் சோளத்தில் காட்டும் கறாரில் கால்வாசிகூடக் கல்லாவில் இருக்கும் தம்பியிடம் இல்லை. "ஒரு டன்னுக்கு ஒரு கிலோ போட்டுருங்கக்கா, எந்த நச்சா இருந்தாலும் புடிச்சுக்கும்" என்கிறார். எந்த நச்சாக இருந்தாலும் பிடிக்காது. இந்தப் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை பென்டோனைட் மாதிரியான களிமண் வகை. அஃப்ளாடாக்சினின் மூலக்கூறு தட்டையாக இருப்பதால் களிமண் அடுக்குகளுக்கு நடுவே போய் ஒட்டிக்கொள்ளும், சாணத்தோடு வெளியேறிவிடும். ஜியராலினோன் அப்படி ஒட்டுவதில்லை. அதற்கு ஈஸ்ட் செல் சுவரில் செய்த பைண்டர் கொஞ்சம் உதவும், ஜியராலினோனையே உடைக்கும் என்சைம் கலந்த சரக்கும் சந்தையில் இருக்கிறது, விலை அதிகம். ஆகவே கடலைப் புண்ணாக்கு அதிகம் சேர்ப்பவர்கள் களிமண் பாக்கெட்டை வாங்கலாம், கடலையில் வருவது பெரும்பாலும் அஃப்ளாடாக்சின்தான், ஈரலைக் கெடுக்கும், தாய்ப்பாலில் இறங்கிக் குட்டி வளர்ச்சியைக் குறைக்கும். சினை பிடிக்கவில்லை என்பதற்காக அதே பாக்கெட்டை வாங்கினால் காசுதான் வீண். லேபிளின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் புரோப்பியோனிக் அமிலப் பாக்கெட் வேறு சங்கதி, அது பூஞ்சை புதிதாக வளராமல் தடுக்கும், இருக்கிற நச்சை ஒன்றும் செய்யாது. இரண்டையும் தம்பி ஒரே மூச்சில் விற்கிறார்.

இரண்டாவது குறை கம்பு. சோளம் விலை ஏறும்போது இவர்களே கம்பு சேர்க்கச் சொல்கிறார்கள். பன்றிக்குக் கம்பு நல்ல தீனிதான், மறுக்கவில்லை. ஆனால் கம்புக்குத் தேன் ஒழுகல் நோய் உண்டு. பூக்கும் சமயத்தில் தூறல் பிடித்தால் கதிரில் தேன் மாதிரி வடியும், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துக் கெட்டியான துண்டுகள் வரும். அது கலந்த கம்பைச் சினைப் பன்றி கடைசி மாதத்தில் தின்றால் ஈன்ற பிறகு பால் சுரக்காது. குட்டிகள் உயிரோடு பிறந்து, பால் இல்லாமல் செத்துப்போகும். மடி நோய் என்று நினைத்து மருந்து கொடுப்போம், எதுவும் கேட்காது. சோளத்துக்குக் குத்தூசி போடும் பெரியவர் கம்பு மூட்டையைச் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். கேட்டதற்கு, "அது நம்ம உசிலம்பட்டி கம்புத்தா" என்றார். எந்த ஊர்க் கம்பாக இருந்தால் என்ன? நான் இப்போது கம்பை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கொண்டுபோகிறேன். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பு கரைத்து அதில் கொட்டினால் கறுப்புத் துண்டுகளும் பதரும் மிதக்கும். அரித்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும். விதைக்கம்புக்குச் செய்யும் அதே முறைதான். பெரிய அளவில் வாங்குபவர்களுக்கு இது முடியாத காரியம், அவர்கள் சினை முற்றிய பன்றிகளுக்கு மட்டுமாவது கம்பு இல்லாத கலவை கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, கலவை எந்திரம். முதலில் கோழித் தீவனம், அடுத்து மாட்டுத் தீவனம், அடுத்து நம்முடையது என்று வரிசையாக ஓட்டுகிறார்கள். நடுவே சுத்தம் செய்வதில்லை. மூலைகளில் பழைய மாவு கட்டியாகி ஒட்டியிருப்பதை நானே விரலால் சுரண்டிப் பார்த்தேன், பூசண வாடை அடித்தது. சொன்னால் அடுத்த தடவை சுத்தம் செய்து வைத்திருப்பார்கள், அதற்கடுத்த தடவை பழையபடிதான். காலையில் முதல் ஆளாகப் போய்விட்டால் ஓரளவு தப்பிக்கலாம். சாக்கும் நம்முடையதைக் கொண்டுபோவதே நல்லது. அவர்கள் கட்டித் தருவது எங்கெங்கோ சுற்றி வந்த பழைய சணல் சாக்கு.

அரவை நயம், கூலி, கடன், பில் பற்றிக் கேட்பவர்களுக்கு: பால்குடி மறந்த குட்டிகளுக்கு மாவு கொஞ்சம் கொரகொரப்பு, சின்ன சல்லடை மாற்றச் சொல்ல வேண்டும். கூலி மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கடன் கிடையாது. பில் கேட்டால் துண்டுச்சீட்டு வரும். திங்கட்கிழமை போகாதீர்கள்.

இவர்கள் நச்சுப் பரிசோதனை செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்கும் மீட்டருக்கும் தெரியாத நச்சு உண்டு. பூசணமே தெரியாத பளிச்சென்ற சோளத்திலும் இருக்கலாம். அதற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எந்த நச்சுக்குப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், சும்மா 'தீவனம் டெஸ்ட்' என்றால் புரதமும் நாரும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஒரே மூட்டையில் அள்ளி அனுப்பினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. நச்சு மூட்டைக்கு மூட்டை, ஏன் ஒரே மூட்டைக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கு எடுக்க வேண்டும். ஈரமான சரக்கைப் பாலித்தீனில் கட்டி அனுப்பினால் வழியிலேயே பூசணம் வளரும். முடிவு பிபிபி கணக்கில் (நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்று) வரும். ஐரோப்பாவில் 2006-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஜியராலினோன் குட்டிகளுக்கும் இளம் பெட்டைகளுக்கும் தரும் தீவனத்தில் 100 பிபிபி, தாய்ப்பன்றிகளுக்கு 250 பிபிபி தாண்டக் கூடாது. நான் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன். செலவு தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. இந்த மில்லுக்கு வரும் பன்றிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, புதுச்சோளம் வரும்போது ஒரு மாதிரி அனுப்பலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். "பார்ப்போம்" என்றார். சந்தேகம் கேட்க மதுரையிலேயே திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேட்டுவிட்டு நாமக்கலுக்கு அனுப்புவது நல்லது.

இங்கே மாறிய பிறகு பெட்டைகளில் அந்த வீக்கத்தை நான் பார்க்கவில்லை. குட்டி பிரித்த தாய்கள் ஒரு வாரத்துக்குள் பருவத்துக்கு வருகின்றன. முழுப் புகழையும் மில்லுக்குக் கொடுக்க மாட்டேன். தடுப்பூசி ஒழுங்காகப் போடுகிறோம், தீவன மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல் அடுக்குகிறோம், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு மேல் அரைத்து வைப்பதில்லை. ஆனாலும் வாசலில் ஒருவர் உட்கார்ந்து மூட்டையைக் குத்திப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லும் இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

5-க்கு 4 தருவேன். கம்புக்கும் குத்தூசி போட்டால் மீதி ஒன்றையும் தருகிறேன். போகிறவர்கள் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். பெரியவர் சாப்பிட வீட்டுக்குப் போனால் சாயந்திரம்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் கல்லாத் தம்பி எல்லா மூட்டையையும் உள்ளே விட்டுவிடுகிறார்.